நாலு மணிக்கு எழ முடியாத நான் குரூப் 2 எழுதலாமா?

வணக்கம் மேடம். எனக்கு 31 வயது, தென்காசிப் பக்கம். நாலு வருஷமாக ரூமட்டாய்டு முடக்குவாதம். வாரம் ஒருநாள் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை, போட்ட மறுநாள் முழுக்கக் குமட்டலும் அசதியும்தான். குரூப் 2 எழுதி அரசு வேலைக்குப் போவது கல்லூரிக் காலத்து ஆசை. முதல்நிலைத் தேர்வை ஒருமுறை தாண்டியும் விட்டேன், ஆனால் முதன்மைத் தேர்வில் மூன்று மணி நேரம் எழுத வேண்டுமே, இரண்டாவது மணியிலேயே விரல் மடங்காமல் போய், பாதித் தாளைக் காலியாகக் கொடுத்துவிட்டு வந்தேன். கூடப் படிக்கிறவர்கள் காலை நாலு மணிக்கு எழுந்து படிக்கிறார்கள். எனக்கு ஏழு மணிக்குப் பால் பாக்கெட்டைக் கத்தரிக்கக்கூடக் கை வராது. வலி குறைந்த நாளில் விட்டதையெல்லாம் பிடிக்கிறேன் என்று ஒன்பது மணி நேரம் உட்காருவேன், அடுத்த மூன்று நாள் படுக்கைதான். வீக்கம் வெளியே தெரியாததால், "படிக்கச் சோம்பல், அதுக்கு வலின்னு ஒரு பேரு" என்கிறார் மாமியார். ஆசையை விட்டுவிடட்டுமா?

ஆலோசகர் பதில்:

அன்புச் சகோதரி, பாதித் தாளைக் காலியாக வைத்துவிட்டு எழுந்து வந்தீர்களே, அதைப் படிக்கும்போதே மனது கனத்துவிட்டது. ஆசையை விடாதீர்கள், அந்த நாலு மணிக் கணக்கை மட்டும் விட்டுவிடுங்கள். இந்த நோயில் மூட்டு இறுக்கம் காலையில்தான் அதிகம், ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கும். உங்கள் காலை பதினொரு மணிக்குத்தான் விடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

எனக்குக் கவலையே அந்த ஒன்பது மணி நேர நாளைப் பற்றித்தான். நாள்பட்ட வலியோடு வாழ்கிற பலரும் இதில் மாட்டிக்கொள்கிறார்கள்: நல்ல நாளில் அள்ளிப் போட்டுக்கொண்டு செய்வது, அப்புறம் விழுவது, விழுந்துவிட்டோமே என்ற குற்ற உணர்ச்சியில் மறுபடி அள்ளிப் போட்டுக்கொள்வது. ஒரு வாரம் மட்டும், எழுத ஆரம்பித்து எத்தனை நிமிடத்தில் வலி கூடுகிறது என்று குறித்து வையுங்கள். 30 நிமிடம் என்றால் 20-லேயே பேனாவை வைத்துவிட்டு, பத்து நிமிடம் கையை ஆற விட்டு, மறுபடி 20. வலிக்காத நாளிலும் இதே 20தான். கை பரபரக்கும், இன்னும் ஒரு பக்கம் எழுதிவிடலாமே என்று தோன்றும், அங்கேதான் நிறுத்த வேண்டும். இரண்டு வாரம் தாங்கினால் ஐந்து நிமிடம் கூட்டுங்கள். மாத்திரைக்கு மறுநாள் எழுதவே வேண்டாம், போனில் உங்கள் குரலில் பதிவு செய்த குறிப்புகளைப் படுத்தபடி கேளுங்கள். அந்தக் குமட்டலைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள், குறைக்க வழி உண்டு, மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இன்னொன்று. 40 சதவீத ஊனச் சான்று இல்லை என்பதற்காக, எழுத முடியாமல் சிரமப்படுகிறவருக்கு ஸ்கிரைப், அதாவது நாம் சொல்லச் சொல்லத் தாளில் எழுதித் தருகிறவர், மறுக்கக் கூடாது என்று விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021-ல் சொல்லியிருக்கிறது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பிரச்சினை அந்த விகாஷ் குமாருக்கு. அதையொட்டி 2022 ஆகஸ்டில் மத்திய அரசு கொடுத்த வழிகாட்டுதலில் மணிக்கு 20 நிமிடக் கூடுதல் நேரமும் இருந்தது. உங்களுடையது மாநிலத் தேர்வு என்பதால் அறிவிக்கையில் இதற்கான விதியை வரிவரியாகப் படித்துவிட்டு, விண்ணப்பிக்கும்போதே கேளுங்கள். எழுதச் சிரமம் என்பதற்கான சான்றிதழுக்கு உங்கள் டாக்டரிடம் இப்போதே பேசுங்கள். ஸ்கிரைப் கிடைத்தால் வாயால் பதில் சொல்லும் பழக்கம் வேண்டுமே, அதை இன்றைக்கே தொடங்கலாம்.

அப்புறம், அடுத்த செக்கப்புக்கு அத்தையையும் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் எதுவும் விளக்க வேண்டாம், டாக்டர் சொல்வதை அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும். இரண்டு வாரம் கழித்து எனக்கு எழுதுங்கள், அதையும் 20 நிமிடத்துக்குள்.