கால்பந்துக் கேள்வி–பதில்: மேலாளர் மாறும்போது கழகம் எதை இழக்கிறது?

கேள்வி: அலெக்ஸ் பெர்குசன் என்றாவது ஒருநாள் ஓய்வு பெறுவார் என்பது பல ஆண்டுகளாகத் தெரிந்திருந்தும், மான்செஸ்டர் யுனைடெட் போன்ற வசதி படைத்த கழகம் அவருக்குப் பின் ஏன் அவ்வளவு தடுமாறியது? தவறான ஆளைத் தேர்ந்தெடுத்ததுதான் காரணமா?
— வாசகர், திருச்சி

பதில்: பெர்குசனுக்குப் பின் மேலாளராக வந்த டேவிட் மோயஸ் மீது மட்டும் பழியைப் போடுவது நியாயம் ஆகாது என்றே நான் கருதுகிறேன். 1986 நவம்பரில் பொறுப்பேற்று, 13 லீக் பட்டங்கள் உட்பட 38 கோப்பைகளை வென்று தந்த பெர்குசன், 2013 மே 8ஆம் தேதி தம் ஓய்வை அறிவித்தார். மறுநாளே எவர்ட்டன் கழகத்தின் மோயஸ் ஆறு ஆண்டு ஒப்பந்தத்தில் வருகிறார் என்ற அறிவிப்பு வெளியானது. அந்த ஆறு ஆண்டுகளில் அவருக்குக் கிடைத்தவை ஏறத்தாழ பத்து மாதங்களே. முந்தைய பருவத்தில் 11 புள்ளிகள் வித்தியாசத்தில் பட்டம் வென்ற அணி, 2013–14 பருவத்தை ஏழாம் இடத்தில் முடித்தது. பருவம் முடியும் முன்பே, 2014 ஏப்ரல் 22 அன்று, மோயஸ் நீக்கப்பட்டிருந்தார்.

ஓய்வுக்கும் நியமனத்துக்கும் இடையே ஒரு நாள்தான் இடைவெளி என்பதால், அது நன்கு திட்டமிட்ட மாற்றம்போலத் தோன்றியது. உண்மையில் அங்கே முடிவாகியிருந்தது ஒரு பெயர் மட்டுமே. எந்த வீரரை வாங்குவது, யாரை எப்போது விடுவிப்பது, இளையோர் அணியிலிருந்து யாரை மேலே கொண்டுவருவது என்ற தீர்ப்புகள் எல்லாம் கால் நூற்றாண்டுக்கு மேலாகப் பெர்குசன் ஒருவரிடமே குவிந்திருந்தன. அந்தத் தீர்ப்புகளை ஒப்பந்தங்களாக மாற்றிவந்த தலைமை நிர்வாகி டேவிட் கில்லும் அதே கோடையில் விலகினார். அவர் இடத்துக்கு வந்த எட் வுட்வர்டு கழகத்தின் வணிகப் பக்கத்தைக் கவனித்துவந்தவர். மோயஸ் தமக்குப் பழக்கமான உதவியாளர்களை அழைத்துவர, பெர்குசனின் பயிற்சிக் குழுவில் இருந்த மைக் பெலன், ரெனே மியூலன்ஸ்டீன், எரிக் ஸ்டீல் ஆகியோர் வெளியேறினர். மேலாளர், நிர்வாகி, பயிற்சிக் குழு ஆகிய மூன்றையும் ஒரே கோடையில் மாற்றிவிட்டு, அணி மட்டும் பழையபடி ஆடும் என்று எதிர்பார்ப்பது எப்படிப் பொருந்தும்?

அணியும் வயதேறியிருந்தது. அந்தக் கோடையில் ரியோ பெர்டினாண்டுக்கு 34 வயது, பாட்ரிஸ் எவ்ராவுக்கு 32, நெமாஞ்சா விடிச்சுக்கு 31. பால் ஸ்கோல்ஸ் பெர்குசனுடனேயே விடைபெற்றார். ரயன் கிக்ஸ் நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஒரு மேலாளருக்குப் பின் யார் என்ற கேள்வியோடு, அவர் விட்டுச்செல்லும் அணி இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும் என்ற கேள்வியையும் இயக்குநர் குழு கேட்டிருக்க வேண்டும்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, இதே கழகம் இந்தப் பாடத்தை ஒருமுறை படித்திருந்தது என்பதுதான். 1968இல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற மேலாளர் மேட் பஸ்பி, 1969இல் விலகிப் பொது மேலாளராகக் கழகத்திலேயே தொடர்ந்தார். அணியை ஏற்ற வில்ப் மெக்கின்னஸுக்கு வயது 31தான். தம்மோடு ஆடியவர்களையே அவர் வழிநடத்த வேண்டியிருந்தது. 1970 டிசம்பரில் அவர் அகற்றப்பட, பஸ்பியே திரும்பி வந்தார். அடுத்து வந்த பிராங்க் ஓபாரலும் நிலைக்கவில்லை. 1974இல், ஐரோப்பாவை வென்ற ஆறே ஆண்டுகளில், யுனைடெட் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது.

கேள்வி: அப்படியானால் கழகத்துக்குள்ளிருந்தே ஒருவரை உயர்த்துவது தவறா? லிவர்பூல் அப்படித்தானே வென்றது?
— வாசகர், கொழும்பு

பதில்: தவறு இல்லை, ஆனால் உள்ளே இருப்பவர் என்ற தகுதி மட்டும் போதாது. 1974 ஜூலையில் மேலாளர் பில் ஷாங்க்லி எதிர்பாராமல் விலகியபோது லிவர்பூல் நியமித்த பாப் பெய்ஸ்லி, 1939 முதல் அந்தக் கழகத்தில் வீரராகவும், காயங்களைக் கவனிப்பவராகவும், பயிற்சியாளராகவும் இருந்தவர். கழகத்தின் மைதானமான ஆன்பீல்டில் காலணிகள் வைக்கும் சிறிய அறையில் பயிற்சியாளர்கள் கூடி, ஆட்டங்களையும் வீரர்களின் நிலையையும் பேசி அலசுவது வழக்கமாக இருந்தது. ஷாங்க்லியின் அறிவு அவரோடு போய்விடாமல் அந்த அறையில் பலரிடம் பகிரப்பட்டிருந்தது என்பதே லிவர்பூலின் பலம். பெய்ஸ்லி ஒன்பது ஆண்டுகளில் ஆறு லீக் பட்டங்களையும் மூன்று ஐரோப்பியக் கோப்பைகளையும் வென்றார். அவருக்குப் பின் அதே அறையிலிருந்து வந்த ஜோ பேகன், முதல் பருவத்திலேயே லீக், லீக் கோப்பை, ஐரோப்பியக் கோப்பை மூன்றையும் வென்றார். பெய்ஸ்லியின் முதல் பருவத்தில் கோப்பை எதுவும் கிடைக்கவில்லை என்பதையும், கழகம் பொறுத்திருந்தது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்தப் பொறுமையை அண்மைக் காலத்தில் பிரென்ட்போர்டில் கண்டேன். 2018 அக்டோபரில் உதவிப் பயிற்சியாளராக இருந்து உயர்த்தப்பட்ட தாமஸ் பிராங்க், முதல் பத்து ஆட்டங்களில் எட்டில் தோற்றார். வேறொரு கழகம் அப்போதே அவரை அனுப்பியிருக்கும். 2021இல் அவர் பிரென்ட்போர்டை இங்கிலாந்தின் முதல் பிரிவான பிரீமியர் லீகுக்குக் கொண்டுசென்றார்.

கேள்வி: மேலாளர் தாம் விலகப்போவதை முன்கூட்டியே அறிவித்தால் வீரர்களிடம் அவருக்கு மதிப்பு குறையாதா?
— வாசகி, சென்னை

பதில்: குறையலாம், குறையாமலும் இருக்கலாம். பெர்குசன் 2002இல் ஓய்வு பெறுவதாக முன்பே சொல்லியிருந்தார். பின்பு மனம் மாறித் தொடர்ந்தார். யுனைடெட் அந்தப் பருவத்தைக் கோப்பை எதுவுமின்றி மூன்றாம் இடத்தில் முடித்தது. ஆனால் ஜெர்மனியின் பயெர்ன் மூனிக் 2013 ஜனவரியில், கோடையில் புதிய பயிற்சியாளராகக் குவார்டியோலா வருகிறார் என்று அறிவித்த பிறகுதான், அப்போதைய பயிற்சியாளர் யூப் ஹைன்கஸ் மூன்று பெரிய கோப்பைகளையும் ஒரே பருவத்தில் வென்றார்.

லிவர்பூல் மேலாளர் யுர்கென் கிளாப், பருவ முடிவில் விலகப்போவதாக 2024 ஜனவரி 26 அன்று செய்த அறிவிப்பின் பெரிய பயன் கழகத்துக்குக் கிடைத்த கால அவகாசம். அந்த அவகாசத்தை லிவர்பூல் பயன்படுத்திய வரிசைதான் என்னை மிகவும் கவர்ந்தது. மார்ச்சில் மைக்கேல் எட்வர்ட்ஸை உரிமையாளர் நிறுவனத்தின் கால்பந்துத் தலைவராகத் திரும்ப அழைத்தார்கள். அடுத்து ரிச்சர்ட் ஹியூஸை விளையாட்டு இயக்குநராக்கினார்கள். அதன் பிறகே மே மாதத்தில் நெதர்லாந்துக் கழகமான பெயெனூர்டின் ஆர்னே ஸ்லாட் அறிவிக்கப்பட்டார். தேர்ந்தெடுப்பவர்களை முதலில் அமர்த்திவிட்டு, பிறகு பயிற்சியாளரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஸ்லாட்டுக்கு மேலாளர் பதவி தரப்படவில்லை. தலைமைப் பயிற்சியாளர் பதவியே தரப்பட்டது. வீரர்களை வாங்குவது முதன்மையாக ஹியூஸின் பொறுப்பானது. கிளாப்பின் உதவியாளர்களும் வெளியேறினார்கள் என்றாலும் அணி குலையவில்லை. பெரிய மாற்றமில்லாத அதே அணியோடு, 2025 ஏப்ரல் 27 அன்று, நான்கு ஆட்டங்கள் மீதமிருக்கவே லிவர்பூல் பட்டத்தை உறுதிசெய்தது.

கேள்வி: பெரிய கழகங்கள் வந்து மேலாளரைப் பறித்துச் செல்லும் நிலையில் உள்ள சிறிய கழகங்கள், நீண்ட காலத் திட்டம் போட்டு என்ன பயன்?
— வாசகர், கோலாலம்பூர்

பதில்: அவற்றுக்குத்தான் திட்டம் மிகவும் தேவை. 2022 செப்டம்பரில் செல்சி கழகம் பிரைட்டனிலிருந்து மேலாளர் கிரஹாம் பாட்டரை மட்டுமல்லாமல் அவருடைய பயிற்சிக் குழுவையும் அழைத்துச் சென்றது. தொழில்நுட்ப இயக்குநர் டேன் ஆஷ்வொர்த் அதற்கு முன்பே நியூகாசிலுக்குப் போயிருந்தார்; வீரர் தேர்வுத் தலைவர் பால் வின்ஸ்டன்லியும் சில வாரங்களில் செல்சிக்கே போனார். நான் மேலே யுனைடெட் பற்றிச் சொன்ன அதே இழப்புகள்தாம் இவையும். ஆனால் பிரைட்டனின் உரிமையாளர் டோனி புளூம், ஒவ்வொரு முக்கியப் பொறுப்புக்கும் அடுத்து யார் என்பதை எப்போதும் தயாராக வைத்திருக்கும் பழக்கம் உடையவர். ஆஷ்வொர்த்தின் இடத்துக்கு உள்ளேயிருந்த டேவிட் வெயர் உயர்த்தப்பட்டார்; பாட்டர் போன பத்தே நாளில் ரொபர்டோ டி செர்பி மேலாளராக வந்தார். அந்தப் பருவத்தை ஆறாம் இடத்தில் முடித்த பிரைட்டன், தன் வரலாற்றில் முதல்முறையாக ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி பெற்றது.

2024இல் டி செர்பி விலகியபோதும், பெயர்பெற்ற மேலாளர்கள் பலர் இருக்க, செயின்ட் பவுலியை ஜெர்மனியின் முதல் பிரிவுக்கு உயர்த்திய 31 வயது பாபியன் ஹூர்ட்செலரையே பிரைட்டன் அழைத்தது. தன் அணி எப்படி ஆட வேண்டும் என்பதைக் கழகம் முன்பே தீர்மானித்திருந்தால்தான், புகழைப் பாராமல், அந்த ஆட்டத்துக்குப் பொருந்துகிறவரைத் தேடும் துணிவு வரும்.