ஆப்பில் ஏற்றம், கரையில் சேறு: பாக் விரிகுடாவில் எதைப் பார்த்துக் கடலுக்குப் போவது?

கேள்வி: தொண்டிக்குத் தெற்கே ஒரு சின்ன கிராமத்திலிருந்து எழுதுகிறேன். அப்பாவுடன் ஃபைபர் படகில் நண்டு வலைக்குப் போகிறேன். ஆடி அமாவாசை முடிந்து இரண்டாம் நாள் போனோம். போனில் வானிலை ஆப்பில் காற்று 9, அலை 0.7 மீட்டர், நாங்கள் திரும்பும் நேரம் ஏற்றம் (கடல் நீர் ஏறி நிற்கும் நேரம்) என்று இருந்தது (படம் இணைத்திருக்கிறேன்). போகும்போது கடல் நன்றாகத்தான் இருந்தது. வலையை எடுத்துக்கொண்டு திரும்பும்போது தண்ணீர் முகத்தில் அடித்து, படகுக்குள் ஏறியதை இறைத்துக்கொண்டே வந்தோம். கரைக்கு இருநூறு மீட்டர் இருக்கும்போதே தரை தட்டிவிட்டது. ஏற்ற நேரத்தில் எப்படி வற்றியிருக்கும்? போனை விட்டுவிட்டு வானத்தைப் பார் என்கிறார் அப்பா. நான் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: தம்பி, முதலில் அந்த 9. நீங்கள் அனுப்பிய படத்தில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருப்பது மீட்டர்/விநாடி. நீங்கள் அதை 9 நாட் (கடலில் வேகத்தைச் சொல்லும் அலகு) என்று எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். விநாடிக்கு 9 மீட்டர் என்றால் ஏறக்குறைய 17 நாட், மணிக்கு 32 கி.மீ. அதன் கீழே 13 என்று ஓர் எண் இருக்கிறதே, அது இடையிடையே வீசும் வீச்சுக் காற்று. அது 25 நாட், மணிக்கு 47 கி.மீ. வானிலை ஆய்வு மையம் மீனவர்களுக்கான எச்சரிக்கையில் வழக்கமாகச் சொல்லும் "மணிக்கு 45 முதல் 55 கி.மீ." என்ற அளவை அந்த வீச்சு தொட்டுவிட்டது. இன்றைக்கே ஆப்பின் அமைப்புகளுக்குள் போய் அலகை நாட் என்றோ மணிக்குக் கி.மீ. என்றோ மாற்றிவிடுங்கள். இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தண்ணீரைத் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. 9 நாட் என்று நினைத்து 17 நாட்டுக்குள் போவது வேறு கடலுக்குள் போவதுதான்.

அலகு சரியாக இருந்திருந்தாலும் உங்கள் கேள்வி பாதி மிச்சம் இருக்கும். பாக் விரிகுடாவில் அலையை மட்டுமல்ல, நீர்மட்டத்தையும் காற்று மாற்றிவிடும். சந்திரனை வைத்துக் கணக்கிட்ட ஏற்ற, வற்ற நேர அட்டவணைக்கு அது தெரியாது.

உங்கள் கடலின் சராசரி ஆழம் ஒன்பது மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். கிழக்கே இலங்கை, தெற்கே ராமேஸ்வரம் தீவும் ஆதாம் பாலத்தின் மணல் திட்டுகளும். தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாப் பக்கம் வரும் நீண்ட பேரலை இந்தத் தடுப்புகளைத் தாண்டி உள்ளே வருவது மிகக் குறைவு. அதனால்தான் ராமேஸ்வரத்துக்காரர்கள் தெற்கே இருப்பதை ஆண் கடல் என்றும் வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்றும் சொல்லிவந்தார்கள். ஆனால் பேரலை வராத கடல் என்பதால் அலை இல்லாத கடல் என்று ஆகிவிடாது. இங்கே எழும் அலை அங்கேயே காற்று கிளப்பும் அலை. ஆழம் குறைவு, காற்று ஓடும் தூரமும் குறைவு, அதனால் அலை குட்டையாகவும் நெருக்கமாகவும் செங்குத்தாகவும் வரும். ஒரு மீட்டர் அலை தென்கடலில் பன்னிரண்டு விநாடிக்கு ஒன்றாக வந்தால் படகு ஏறி இறங்கிவிடும். அதே ஒரு மீட்டர் வடகடலில் நான்கு விநாடிக்கு ஒன்றாக வந்தால் ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் இடையே 25 மீட்டர்தான். படகின் முனை ஓர் அலையில் இறங்கி நிமிர்வதற்குள் அடுத்தது வந்து ஏறிவிடும். நீங்கள் இறைத்த தண்ணீர் அப்படி வந்ததுதான். ஆகவே அலை உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள். பக்கத்தில் விநாடியில் ஓர் எண் இருக்கும். அது ஐந்துக்குக் கீழே இருந்தால் ஒரு மீட்டரைக்கூட லேசாக எடுக்கக் கூடாது.

உயரத்திலும் ஒரு விஷயம் உண்டு. ஆப் சொல்லும் 0.7 மீட்டர் வருகிற எல்லா அலைகளின் உயரமும் அல்ல. வரும் அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கை எடுத்துப் பார்க்கும் சராசரி அது. நீங்கள் கடலில் இருக்கும் சில மணி நேரத்தில் அதைப்போல இரண்டு மடங்கை நெருங்கும் அலை ஒன்றிரண்டு கட்டாயம் வரும். மேலும் அந்த 0.7 எந்த இடத்துக்கு? படத்தில் குறி உங்கள் ஊர்க் கரைமேல் நிற்கிறது. ஆடியில் உங்களுக்கு வருவது மேற்கும் தென்மேற்குமாக அடிக்கும் கச்சான், சோழகம். நிலத்திலிருந்து கடலுக்குப் போகிற காற்று. கரையோரத்தில் அலை கிளம்ப அதற்கு இடமே கிடைக்காது, கடல் எண்ணெய் ஊற்றியது போல இருக்கும். ஐந்து, பத்து, இருபது கி.மீ. போகப் போகத்தான் அலை வளரும். போகும்போது முதுகில் காற்று, எஞ்சினுக்கு வேலையே இல்லை. திரும்பும்போது அத்தனையும் எதிர்முகம். கரையில் நின்று கடலைப் பார்த்து முடிவெடுப்பதில் இருக்கும் ஆபத்து இதுதான். இதில் அப்பாவின் முறையும் ஆப்பும் சேர்ந்தே தவறும். குறியை வலை போடும் இடத்துக்கு நகர்த்தி, திரும்பும் நேரத்துக்கான எண்ணைப் பாருங்கள். கிளம்பும் நேரத்து எண் இந்தக் காற்றில் உதவாது.

இப்போது தண்ணீர் வற்றிய கதைக்கு வருவோம். உங்கள் பக்கம் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஓதம், அதாவது கடல் நீர் ஏறி இறங்குவது, பெரிதாக இருக்கும் நாட்களிலேயே அரை மீட்டருக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். வங்கக் கடலின் ஓதம் கோடியக்கரை வழியாக வடக்கிலிருந்து வருகிறது. தெற்கே பாம்பன் கால்வாயும் மணல் திட்டுகளின் இடைவெளிகளும் கொஞ்சம் விடுகின்றன. இரண்டும் உள்ளே வந்து சேரும்போது தளர்ந்துவிடும். இந்தச் சின்ன ஓதத்தின்மேல் காற்று என்ன செய்கிறது என்று ஒரு கணக்குப் பார்க்கலாம். ஒன்பது மீட்டர் ஆழமுள்ள நீரில் நூறு கி.மீ. தூரத்துக்கு விநாடிக்கு 9 மீட்டர் காற்று விடாமல் அடித்தால், காற்று கிளம்பும் கரைக்கும் போய் முட்டும் கரைக்கும் நீர்மட்டத்தில் 15 செ.மீ. அளவு வித்தியாசம் விழும். காற்று 13 ஆனால் அது 30 செ.மீ.யை நெருங்கும். விரிகுடா இரண்டு பக்கமும் திறந்திருப்பதால் கணக்கு அப்படியே பலிக்காது, ஆனாலும் அளவு அந்தப் பக்கம்தான். கரையோரம் ஒன்றரை மீட்டர் ஆழமே உள்ள சேற்றுத் திட்டில் இந்தச் சரிவு இன்னும் கூடும். இதோடு, தமிழகக் கிழக்குக் கரையில் கடலின் சராசரி மட்டமே ஐப்பசி, கார்த்திகையில் உயர்ந்தும் ஆடியில் அதைவிடத் தாழ்ந்தும் இருக்கும்.

உங்கள் கரையில் ஐந்நூறு மீட்டர் நடந்தால்தான் ஒரு மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். நீர்மட்டம் 30 செ.மீ. இறங்கினால் தண்ணீர் 150 மீட்டர் பின்னால் போய்விடும். அப்புறம் எஞ்சின் கால் இறங்கும் ஆழத்தையும் சேர்த்தால் உங்கள் இருநூறு மீட்டர் வந்துவிட்டது. ஏற்றம் வந்திருக்கும், தம்பி. காற்று தாழ்த்திவைத்த மட்டத்தின்மேல் வந்தது.

ராமேஸ்வரத்திலும் மண்டபத்திலும் "கடல் உள்வாங்கியது" என்று ஆண்டுக்குப் பலமுறை செய்தி வருவதும் பெரும்பாலும் இதனால்தான். சோழகம் பலக்க அடிக்கும் நாளில் தெற்கே கடல் சீறும், வடக்கே உள்வாங்கும். உடனே வாட்ஸ்அப்பில் சுனாமி என்று பரவும். காற்றால் இறங்கும் நீர் மணிக்கணக்கில் மெல்ல இறங்கும், காற்றும் கூடவே அடித்துக்கொண்டிருக்கும். காற்றே இல்லாமல் சில நிமிடங்களில் தண்ணீர் விறுவிறுவென்று பின்வாங்கினாலோ, நிலம் பலமாக அதிர்ந்தாலோ, அது வேறு. அப்போது எந்தச் செய்திக்கும் காத்திருக்காமல் கரையை விட்டு நிலப்பக்கம் தொலைவாகப் போய்விட வேண்டும்.

சரி, ஆப்பில் இருக்கும் ஓத நேரத்தை என்ன செய்வது? உங்கள் ஊருக்கென்று யாரும் அளந்து போட்ட அட்டவணை அது அல்ல. தொலைவிலுள்ள துறைமுகங்களின் கணக்கை வைத்தோ, உலக மாதிரி ஒன்றை வைத்தோ நிரப்பியது. நீங்களே அளந்துவிடலாம், செலவே கிடையாது. ஒரு பனங்கம்பை அல்லது பிவிசி குழாயை, பெரிய வற்றத்திலும் தண்ணீர் நிற்கும் இடத்தில் ஆழமாக ஊன்றி, பத்து செ.மீ.க்கு ஒரு கோடு பெயிண்டில் போடுங்கள். காற்று ஓய்ந்திருக்கும் மாசி, பங்குனியில் ஓர் அமாவாசையிலிருந்து பௌர்ணமி வரை ஏற்றமும் வற்றமும் எத்தனை மணிக்கு, எந்தக் கோட்டில் என்று நோட்டில் எழுதுங்கள். அமாவாசையன்று உங்கள் கரையில் ஏற்றம் வரும் மணி தெரிந்துவிட்டால், எல்லா அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஏறக்குறைய அதே மணிதான். அதற்கடுத்து நாளுக்கு 50 நிமிடம் தள்ளிக்கொண்டே போக வேண்டும். அமாவாசை, பௌர்ணமி முடிந்து ஒன்றிரண்டு நாளில் ஏற்றமும் வற்றமும் மிகப் பெரிதாக இருக்கும். நீங்கள் போன நாளும் அதுதான். சப்தமி, அஷ்டமி ஒட்டி ரொம்பச் சுருங்கிவிடும். பிறகு ஆடியில் அதே கம்பைப் பாருங்கள். உங்கள் கணக்குக்கும் கம்பில் நிற்கும் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசம்தான் காற்று செய்த வேலை. ஒரு பருவம் எழுதிவந்தால், இத்தனை நாட் கச்சானுக்கு இத்தனை கோடு குறையும் என்று உங்களுக்கே பிடிபடும். அந்த நோட்டு எந்த ஆப்பையும் விட உங்கள் ஊருக்கு உதவும், அப்பாவும் அதை ஏற்றுக்கொள்வார் என்று நம்புகிறேன்.

தரை தட்டும் என்று தெரிந்தால் எஞ்சினை முறுக்கி உழுதுகொண்டு வராதீர்கள். பாக் விரிகுடாவின் கடற்புல் வெளியில்தான் நீங்கள் பிடிக்கும் நண்டும் இறாலும் குஞ்சாக வளர்கின்றன, கடற்பசு மேய்வதும் அங்கேதான். விசிறியில் வேரோடு பிடுங்கிய புல் திரும்பி வளர ஆண்டுகள் ஆகும். எஞ்சினைத் தூக்கிவிட்டுக் கம்பால் தள்ளி வாருங்கள், அல்லது ஆழத்தில் நங்கூரம் போட்டுவிட்டு நடந்து வாருங்கள்.

வாடைக் காலத்தில் எல்லாம் தலைகீழ். ஐப்பசி முதல் மார்கழி வரை வடகிழக்குக் காற்று தண்ணீரை உங்கள் கரையின்மேல் குவிக்கும். சராசரி மட்டமும் அப்போதுதான் உயரம். தரை தட்டும் பயம் இருக்காது, ஆனால் நங்கூரத்தில் நிற்கும் படகுகள் ஒன்றோடொன்று மோதும். ஏற்றக் கோட்டுக்கு மேலே நன்றாக இழுத்துப் போடுங்கள். இதிலே ஒரு நன்மை, அலை கரையிலேயே தெரியும். கரையில் மோசமாக இருந்தால் உள்ளேயும் மோசம் என்று நம்பலாம். இந்தப் பருவத்தில் புயல் நேராக உங்கள் ஊருக்கு வர வேண்டும் என்பதுகூட இல்லை. 2020 டிசம்பரில் புரெவி இலங்கையைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்குள் வந்து, ராமநாதபுரம் கரையருகே நகராமல் நின்றது. பாம்பனில் கூண்டு ஏற்றினால் எண்ணைக் கேளுங்கள். 1, 2 என்றால் தொலைவில் உள்ள ஆபத்து. 3 முதல் உங்கள் பகுதியையே குறிக்கும், அப்போது கடலுக்குப் போகும் பேச்சே வேண்டாம்.

எதைப் பார்ப்பது என்று கேட்டீர்கள். முந்தைய நாள் மாலை வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கை, அதில் பாக் நீரிணை பெயர் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். பெயர் இல்லையென்றால் ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் தரும் கடல்நிலை முன்னறிவிப்பு. காற்றின் வேகம், திசை, அலையின் உயரம், அலை வரும் இடைவெளி நான்கும் அதில் கிடைக்கும். கைபேசியில் சமுத்ரா என்ற அவர்களின் செயலி இருக்கிறது. காலையில் கிளம்பும்முன் கடைசியாகக் கம்பைப் பாருங்கள். மேற்குக் காற்று 12 நாட் வரை என்றால் உங்கள் அளவுப் படகு போகலாம். 12-க்கு மேல் 16 வரை கரையிலிருந்து ஐந்து கி.மீ.க்குள் வலை போடுங்கள். அதற்கும் மேல் என்றால், வீச்சுக் காற்று 20-ஐத் தாண்டுகிறது என்றாலும், அன்றைக்கு வலை தைக்கலாம். இது அரசு விதி அல்ல. உங்கள் கடலின் ஆழத்தையும் படகையும் வைத்து நான் சொல்வது. மேற்குக் காற்றில் எஞ்சின் நின்றுபோனால் படகு போகும் திசை எல்லைக்கோடு என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். நங்கூரக் கயிறு குறைந்தது ஐம்பது மீட்டராவது படகில் இருக்கட்டும். இந்த ஆழத்தில் அது பிடித்து நிறுத்திவிடும்.

அப்பா வானத்தைப் பார் என்பது ஒரு விஷயத்தில் மிகச் சரி. சித்திரை, வைகாசியிலும் புரட்டாசியிலும் பிற்பகலில் நிலத்தின்மேல் எழும் இடிமழை மேகம் மாலையில் கடலுக்குள் இறங்கும்போது, பத்து நிமிடத்தில் காற்றின் திசையும் வேகமும் மாறிவிடும். முந்தைய நாள் முன்னறிவிப்பில் அது எந்த மணிக்கு, எந்த ஊர்மேல் என்று இருக்காது. மேற்கே மேகம் கறுத்து அடியில் வெளுப்பாக ஒரு விளிம்பு தெரிந்தால், குளிர்ந்த காற்று முகத்தில் பட்டால், வலையை விட்டுவிட்டாவது திரும்ப வேண்டும். கரையில் இருப்பவர் காரைக்கால் டாப்ளர் ரேடார் படத்தைப் பார்த்து உங்களுக்குப் போன் செய்யலாம், மின்னலுக்குத் தாமினி செயலி இருக்கிறது. ஆனால் கடலில் சிக்னல் கிடைக்காத தூரத்தில் உங்களுக்கு இருப்பது அப்பாவின் கண் மட்டும்தான்.

கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழும போலீஸின் 1093 இரண்டு எண்களையும் உங்கள் போனில் மட்டுமல்ல, வீட்டில் இருப்பவர்கள் போனிலும் பதிந்து வையுங்கள். கிளம்பும்போது எந்தப் பக்கம் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று அவர்களிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அந்த நேரம் தாண்டி ஒரு மணி நேரத்தில் நீங்கள் வரவில்லை என்றால் அவர்கள் கூப்பிட வேண்டியது 1554.