விமான நிலையத்துக்குப் போகும் நிலம்: பணத்தை வாங்கலாமா, வேண்டாமா?

கேள்வி: ஓடுபாதையை நீட்ட எங்கள் 1 ஏக்கர் 40 சென்டையும் எடுக்கிறார்கள். அப்பா வெட்டிய கிணறும் 30 தென்னையும் போகின்றன. அளக்க வந்தவர்கள் மரத்தைக் குறைத்து எழுதினார்கள், கேட்டால் எடுத்தெறிந்து பேசினார்கள். தார் ரோட்டோரம் இருக்கும் பங்காளி நிலத்துக்குச் சென்ட் விலை எங்களைவிட அதிகம். மூன்று வாரத்துக்கு முன் அவார்டு (இழப்பீட்டுத் தொகையை முடிவு செய்யும் உத்தரவு) போட்டபோது நானும் தம்பியும் அங்கே இருந்தோம். பணத்தை வாங்கினால் கேஸ் போட முடியாது, வாங்காவிட்டால் நிலத்தை எடுக்க முடியாது என்கிறார்கள் ஊரில். அப்பா உயில் எழுதவில்லை, அம்மாவும் இல்லை. 40 பவுன் போட்டுக் கட்டிக்கொடுத்த தங்கையும் இப்போது பங்கு கேட்கிறாள். என்ன செய்வது?

வக்கீல் பதில்: நீங்கள் எழுதியதில் எனக்கு வேண்டியது ஒரே வரி. அவார்டு போட்டபோது நீங்கள் அங்கே இருந்தீர்கள். அனுப்பிய நோட்டீஸ் நகலில் 2013 நில எடுப்புச் சட்டம் என்றிருக்கிறது (சென்னையின் புதிய விமான நிலையத்துக்குப் பரந்தூரில் எடுப்பது தமிழ்நாட்டின் 1997 தொழில் நோக்க நில எடுப்புச் சட்டத்தில், அதன் வழி வேறு). 2013 சட்டத்தின் 64-ஆம் பிரிவுப்படி, கூடுதல் தொகை கேட்டுக் கலெக்டரிடம் மனுக் கொடுக்க, நேரில் இருந்தவருக்கு அவார்டு தேதியிலிருந்து 6 வாரம். உங்களுக்கு மிச்சம் மூன்று வாரம். தாமதத்தைக் கலெக்டர் ஒரு வருஷம் வரை மன்னிக்கலாம்தான். அதை நம்பி உட்காராதீர்கள்.

எடுத்தெறிந்து பேசியதற்கு எந்தப் பிரிவிலும் பணம் கிடையாது. ஓடுபாதை தேவையா என்றும் கேட்காதீர்கள். மதுரையிலும் கோவையிலும் 12,500 அடிக்கு நீட்டத்தான் நிலம் எடுத்தார்கள். பயணிகள் கூடுகிறார்கள், பெரிய விமானம் இறங்க வேண்டும் என்று அரசு சொன்னால், நீதிமன்றம் அதற்குள் தலையிடுவது அபூர்வம். மரக் கணக்கை மனுவில் ஒரு பத்தியாகச் சேர்த்தால் போதும்.

ஊர்ப்பேச்சு இரண்டும் தப்பு. நீங்கள் வாங்காவிட்டால் பணத்தை, நில எடுப்புத் தகராறுகளை விசாரிக்கும் ஆணையத்தில் கட்டிவிட்டு நிலத்தை எடுத்துக்கொள்வார்கள். கட்டிய தொகைக்கு அன்றோடு வட்டியும் நின்றுவிடும். வாங்குங்கள். ஆனால் ‘ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்’ என்று எழுதி வாங்குங்கள். 77-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: ஆட்சேபணை இல்லாமல் வாங்கியவர் கூடுதல் கேட்டு மனுப் போட முடியாது.

இந்த இடத்தில்தான் என் கட்சிக்காரர்கள் வழுக்கி விழுகிறார்கள். ஒருவர் இரண்டு வருஷம் கழித்து வந்தார். கையில் ரசீதின் நகல், ஓரத்தில் நீல மையில் ‘ஆட்சேபணையுடன்’. நிம்மதியாக இருந்தது. ஃபைலை வாங்கிப் பார்த்தால், அலுவலகப் பிரதியில் அந்தச் சொல்லே இல்லை; ‘முழு சம்மதத்துடன்’ என்று அச்சடித்த வரிக்குக் கீழே அவர் கையெழுத்து. வீட்டுக்குப் போய் ஞாபகம் வந்து, தன் பிரதியில் மட்டும் எழுதியிருக்கிறார் மனுஷன். அந்த வழக்கை நான் எடுக்கவில்லை. ஆகவே அச்சடித்த வரியை அடித்து, பக்கத்திலேயே எழுதி, அவர்கள் பிரதியிலும் இருக்கிறதா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். முந்தின நாளே ஆட்சேபணைக் கடிதம் ஒன்றைப் பதிவுத் தபாலிலும் அனுப்பிவிடுங்கள். தம்பிக்குப் பவர் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்காதீர்கள். அவர் அவசரத்தில் போடும் கையெழுத்து உங்களையும் கட்டும்.

பங்காளி நிலத்து விலையைப் பார்த்து அதிகம் எதிர்பார்க்காதீர்கள். அது தார் ரோட்டோரம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முதல் அறிவிப்புக்கு முந்தைய மூன்று வருஷக் கிரயப் பத்திரங்கள்தான் பேசும். அந்த அறிவிப்புக்குப் பிறகு ஏறிய விலை கணக்கில் வராது. முத்திரைத்தாள் செலவுக்குப் பயந்து ஊரே மதிப்பைக் குறைத்துப் பதிந்த பத்திரங்கள், இப்போது உங்களுக்கு எதிராகவே சாட்சி சொல்லும். வில்லங்கச் சான்று போட்டு, உண்மை விலைக்குப் பதிந்த இரண்டு மூன்று பத்திரமாவது கிடைக்கிறதா பாருங்கள். கிடைக்காவிட்டால் வழக்கின் பலம் பாதிதான்.

தங்கை விஷயம். அப்பா உயில் எழுதவில்லை, அம்மாவும் இல்லை என்கிறீர்கள். மூன்றில் ஒரு பங்கு அவருடையது. 40 பவுன் போட்டது, பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் விடுதலைப் பத்திரம் ஆகாது. இப்போது பழைய தேதியில் ஒன்று எழுதி வாங்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அவரை வீட்டுக்குள் விடாதீர்கள். தங்கை ஒரு ஆட்சேபணை கொடுத்தால் பங்குத் தகராறு ஆணையத்துக்குப் போகும், தொகையும் கூடவே போய் அங்கே கிடக்கும். அண்ணன் தம்பி தங்கை மூவரும் மூன்று வக்கீல் வைத்து, வாங்கிய பணத்தில் பாதியை எங்களுக்கே கொடுத்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

சமாதானமாகப் போங்கள். மூன்று பேரும் சம பங்கு என்று எழுதிக் கையெழுத்திட்டு நில எடுப்பு அதிகாரியிடம் கொடுங்கள். கூடுதல் தொகை கேட்கும் மனுவிலும் மூவர் பெயரும் இருக்கட்டும். இந்த ஞாயிற்றுக்கிழமையே தம்பியைக் கூட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய் வாருங்கள். அங்கே 40 பவுன் பேச்சை எடுக்காதீர்கள்.