பொறியியல் பீடமும் உயர்தரப் பாடத்திட்டமும்: கேள்வி பதில்

கொழும்பில் இணைந்த கணிதம் கற்பிக்கும் ஆசிரியர் என்ற முறையில், க.பொ.த. உயர்தரத்தில் (பாடசாலையின் இறுதிப் படியான தரம் 12, 13) பௌதிக விஞ்ஞானப் பிரிவு மாணவரும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

ஐயா, பொறியியல் பீடத்துக்குத் தனியான நுழைவுப் பரீட்சை உண்டா? இந்தியாவில் இருப்பதாகச் சொல்கிறார்கள். (வெள்ளவத்தை, ஒரு தாய்)

இல்லை அம்மா. மொறட்டுவை, பேராதனை, உறுகுணை, யாழ்ப்பாணம், தென்கிழக்கு, ஸ்ரீ ஜயவர்தனபுர ஆகிய பல்கலைக்கழகங்களின் பொறியியல் பீடங்களுக்கு, இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் என்னும் மூன்று உயர்தரப் பாடங்களில் பெறும் இசட் புள்ளியின் (பாடத்தின் சராசரியோடு ஒப்பிட்டுக் கணிக்கும் புள்ளி; விளக்கம் கீழே) அடிப்படையிலேயே பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு மாணவரைத் தெரிவுசெய்கிறது. ஆகவே உங்கள் மகனுக்கு உயர்தரப் பாடத்திட்டமே நுழைவுப் பரீட்சையின் பாடத்திட்டமும் ஆகும். மகரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகம் வெளியிடும் அந்தப் பாடத்திட்ட நூலைப் பிரத்தியேக வகுப்பில் சேர்வதற்கு முன்பே அவர் கையில் கொடுங்கள். ஒவ்வோர் அலகுக்கும் எத்தனை பாடவேளை, எந்த ஆழம் வரை என்பது அதில் எழுதப்பட்டிருக்கிறது. வகுப்பில் தரப்படும் குறிப்பு அந்த எல்லையைத் தாண்டுகிறதா, அதற்குள் எதையேனும் விட்டுவிடுகிறதா என்பதை மாணவர் தாமே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இணைந்த கணிதத்தில் எதிலிருந்து தொடங்குவது? பாடத்திட்டம் பெரிதாக இருப்பதால் மலைப்பாக இருக்கிறது. (கொட்டாஞ்சேனை, தரம் 12 மாணவி)

மலைப்பு நியாயமானதுதான், தங்கையே. ஆனால் வினாத்தாளின் அமைப்பை அறிந்தால் அது குறையும். தற்போதைய பாடத்திட்டத்துக்கான முதற் பரீட்சை 2019இல் நடைபெற்றது. மூன்று மணித்தியால வினாத்தாள்கள் இரண்டு. முதலாவது தூய கணிதம், இரண்டாவது பிரயோக கணிதம். ஒவ்வொன்றிலும் பகுதி அ–வில் உள்ள பத்து வினாக்களுக்கும் விடை எழுத வேண்டும். பகுதி ஆ–வில் ஏழில் ஐந்தைத் தெரிவுசெய்யலாம். பகுதி அ–வுக்கு 250 புள்ளிகள், பகுதி ஆ–வுக்கு 750 புள்ளிகள்.

முதலாம் வினாத்தாளின் பகுதி அ–வை ஆண்டு வரிசையில் அடுக்கிப் பாருங்கள். கணிதத் தொகுத்தறிவு, மட்டுச் சமனிலி, சிக்கலெண், ஈருறுப்பு விரிவு, எல்லை, தொகையீட்டால் பரப்பு அல்லது கனவளவு, பரமான வடிவிலான வளையியின் தொடலி, நேர்கோடு, வட்டம், திரிகோண கணிதம் என்று பெரும்பாலும் அதே ஒழுங்கில் வருவதைக் காண்பீர்கள். இவை ஒவ்வொன்றையும் பத்து நிமிடத்துக்குள் பிழையின்றிச் செய்யும் பயிற்சியையே தரம் 12இன் முதல் இலக்காக வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

நான் ஆண்டுதோறும் கண்டு வருந்தும் ஒன்று உண்டு. நிகழ்தகவும் புள்ளிவிபரவியலும் பாடத்திட்டத்தின் இறுதியில் நிற்பதால் பலர் அவற்றைக் கடைசிக் கிழமைக்கு ஒத்திவைக்கின்றனர். இரண்டாம் வினாத்தாளின் பகுதி அ–வில் வழக்கமாக இரண்டு வினாக்களும் பகுதி ஆ–வில் ஒரு முழு வினாவும் அவற்றிலிருந்து வருகின்றன. இது 1000இல் 200 புள்ளிகள். சட்டப்படல், திணிவு மையம், எளிமை இசை இயக்கம் ஆகியவற்றுக்கு மாதக்கணக்கில் உழைப்பவர் இதை விட்டுவிடுவதற்கு நியாயமான காரணம் எதையும் நான் காணவில்லை.

பௌதிகவியலில் பொறியியலும் (விசை, இயக்கம் பற்றிய அலகு) மின்னியலும் நன்றாகத் தெரிந்தால் போதுமா? (தெஹிவளை, தரம் 13 மாணவர்)

போதாது, தம்பி. பாடத்திட்டத்தில் பதினொரு அலகுகள் உள்ளன. முதலாம் வினாத்தாளின் ஐம்பது பல்தேர்வு வினாக்களும் அளவீட்டிலிருந்து சடமும் கதிர்ப்பும் வரை எல்லா அலகுகளையும் தொடுகின்றன. இலத்திரனியலில் தருக்கப் படலை, செயற்பாட்டு விரியலாக்கி போன்றவை ஒப்பீட்டளவில் விரைவாகக் கற்கக்கூடியவை, அவற்றை இழக்காதீர்கள். இரண்டாம் வினாத்தாளின் அமைப்புக் கட்டுரை வினாக்கள் நான்கும் கட்டாயமானவை. அவை பரிசோதனையை நேரில் செய்தவரா என்பதைச் சோதிக்கும் விதத்தில் கேட்கப்படுகின்றன. நகரும் நுணுக்குக்காட்டியையும் நுண்மானித் திருகுக் கணிச்சியையும் கையால் தொடாமல், படத்தில் மட்டும் கண்டவர் அங்கே தடுமாறுவார். பாடசாலை ஆய்வுகூடத்துக்கு மாற்றாக எந்தப் பிரத்தியேக வகுப்பும் அமையாது.

இரசாயனவியலைக் கடைசி நேரத்தில் மனனம் செய்துவிடலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். சரியா? (பம்பலப்பிட்டி, மாணவர்)

ஒரு பாடத்தின் இசட் புள்ளி என்பது உங்கள் புள்ளிக்கும் அப்பாடத்தின் சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தை நியம விலகலால் வகுத்துப் பெறுவது. தெரிவுக்கு எடுத்துக்கொள்ளப்படுவது மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளின் சராசரி. ஆகவே இரசாயனவியலில் சரிந்தால், கணிதத்தில் பெற்ற உயர்வை அது கீழே இழுத்துவிடும். பொதுவாக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும் 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும் வழங்கப்படுகின்றன. போட்டி மிகுந்த கொழும்பு மாவட்டத்தில் சிறு வித்தியாசமும் பீடத்தையே மாற்றிவிடும். மேலும் வாயு நிலை, சக்தியியல், இயக்கப் பண்பியல், சமநிலை, மின் இரசாயனம் ஆகியவை கணிப்புகள் நிறைந்தவை, மனனத்துக்கு இடங்கொடாதவை. சேதன இரசாயனத்திலும் தாக்கப் பொறிமுறையை விளங்கியவருக்கே, ஒரு சேர்வையை இன்னொன்றாக மாற்றும் வினாக்கள் கைவரும்.

கணிப்பான் கொண்டு செல்லலாமா? (வத்தளை, மாணவி)

பௌதிகவியலுக்கும் இரசாயனவியலுக்கும் அனுமதி இல்லை. இன்றிலிருந்தே வீட்டுப் பயிற்சியிலும் அதைத் தவிருங்கள்.

தமிழ் மொழிமூலம் படித்ததால் தெரிவில் பாதிப்பு உண்டா? (மருதானை, தந்தை)

தெரிவில் இல்லை ஐயா. ஆனால் பீடத்தில் கற்பித்தல் ஆங்கிலத்தில் நடைபெறும். பாடத்திட்டத்தின் தமிழ், ஆங்கிலப் பதிப்புகளைப் பக்கத்தில் பக்கமாக வைத்து, உந்தம், கணத்தாக்கு, அழுத்தமானி போன்ற ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் இணைச்சொல்லை ஒரு கொப்பியில் எழுதிவருமாறு மகளிடம் சொல்லுங்கள்.

இந்தியாவின் பொறியியல் நுழைவுப் பரீட்சையான ஜேஇஇ மெயினையும் எழுத எண்ணுகிறேன். இதே படிப்பு போதுமா? (வெள்ளவத்தை, மாணவர்)

பெரும்பகுதி பொதுவானது, முழுவதும் அன்று. முப்பரிமாண ஆள்கூற்றுக் கேத்திரகணிதம் அங்கே உண்டு, எமது இணைந்த கணிதத்தில் இல்லை. அதைவிடப் பெரிய வேறுபாடு பரீட்சையின் இயல்பில் உள்ளது. அங்கே மூன்று மணித்தியாலத்தில் 75 வினாக்கள். சரியான விடைக்கு நான்கு புள்ளி, பிழையான விடைக்கு ஒரு புள்ளி கழிவு. எமது பல்தேர்வு வினாத்தாளில் கழிவு இல்லாததால், தெரியாத வினாவுக்கும் ஏதேனும் ஒரு விடையைக் குறித்துவிடும் பழக்கம் எம் மாணவரிடம் ஊறியிருக்கிறது. உயர்தரம் முடிந்த பின் அந்தப் பரீட்சைக்கென ஆயத்தமாகும்போது, முதலில் அந்தப் பழக்கத்தை விட வேண்டும்.