டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு ஏன் எழுந்து வந்தீர்கள்?

கோபிச்செட்டிபாளையம் பக்கமிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார்: "என் மகளுக்கு 27 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீஸில் வேலை. இரண்டு வருஷமாக, மனசு தாங்காதபோதெல்லாம் தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்கிறாள். சேலம், ஈரோடு, கோவை என்று நாலு டாக்டர் பார்த்துவிட்டோம், குணமில்லை. கோவை டாக்டரிடம் மூன்று தடவை போனோம். 'அவர் நான் பேசறதைக் கேக்கறாரும்மா' என்று மகள் சொன்னாள். நாலாவது தடவை, சர்க்கரைக்குப் பார்க்க எங்கள் பங்காளி வீட்டு அண்ணன் அங்கே வந்துவிட்டார். டோக்கனோடு எழுந்து வந்துவிட்டோம். அப்புறம் போகவில்லை. வரன் வேறு வந்துகொண்டிருக்கிறது. இதற்கென்றே தனியாக நல்ல வைத்தியம் எங்கே கிடைக்கும்?"

அம்மணி, நாலு டாக்டர் பார்த்தும் குணமில்லை என்கிறீர்கள். யாரிடம் குணமாகிற அளவுக்கு இருந்து பார்த்தீர்கள்?

இந்த மாதிரிக் கடிதங்களில் ஊர்ப்பெயரும் வயதும்தான் மாறும். 'நல்ல டாக்டர் யார்' என்ற கேள்வி மாறாது. உங்கள் மகள் அதற்குப் பதில் சொல்லிவிட்டாள். இரண்டு வருஷமாக வாய் திறக்காத பெண், ஒருத்தர் தான் பேசுவதைக் கேட்கிறார் என்று உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறாள். அந்த மனிதர் கதவுக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார், டோக்கன் கையில் இருக்கிறது. நீங்கள் பங்காளியின் தலையைக் கண்டதும் அவளை எழுப்பிக் கூட்டிவந்துவிட்டீர்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் என்ன நினைத்திருப்பாள்? தன் காயத்தைவிட ஒரம்பரை வாய்தான் அம்மாவுக்குப் பெரிது என்று நினைத்திருப்பாள். அது உண்மையில்லை என்றால் அவளுக்கு அதைக் காட்டவேண்டியது நீங்கள்தான்.

இனி வைத்தியத்துக்கு வருகிறேன். இதற்கென்றே ஒரு சிகிச்சை இருக்கிறது. டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி, சுருக்கமாக டிபிடி. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மார்ஷா லினஹன் என்ற உளவியலாளர் உருவாக்கியது. அவரும் இளவயதில் தன்னைக் காயப்படுத்திக்கொண்டவர்தான். 2011-ல்தான் அதை ஊரறியச் சொன்னார். வாரம் ஒரு நாள் தனியாக உட்கார்ந்து பேச்சு, வாரம் ஒரு நாள் நாலைந்து பேரோடு வகுப்பு, நடுவில் தாங்கமுடியாமல் போனால் போனில் கூப்பிட்டுக் கேட்கலாம். முழுதாகச் செய்தால் ஏறக்குறைய ஒரு வருஷம். நீங்கள் இருந்தது மூன்று தடவை!

வகுப்பில் என்ன சொல்லித்தருகிறார்கள் என்று கேட்பீர்கள். பொள்ளாச்சிப் பக்கம் எனக்குத் தெரிந்த வீட்டில் ஒரு பெண், உள்ளே கொதிப்பு ஏறினால் ராத்திரி எந்நேரமானாலும் சமையலறைக்கு வந்து, அகலமான பாத்திரத்தில் ஐஸ் தண்ணீர் ஊற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தை அமிழ்த்துவாள். முப்பது எண்ணுகிற நேரம். இருதயக் கோளாறு இல்லாதவர்களுக்குச் சொல்லித்தருகிற பயிற்சி அது. படபடப்பு இறங்கும், அந்த வேகம் கொஞ்சம் தணியும். அவள் அம்மா ஒரு வார்த்தை கேட்காமல் துண்டை வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார். 'என்ன ஆச்சு, ஏன் இப்படி, என் தலையில் அடிச்சுச் சத்தியம் பண்ணு' எதுவும் கிடையாது. துண்டு மட்டும்தான்.

காயப்படுத்திக்கொள்கிற பழக்கத்துக்கென்றே தனி மாத்திரை கிடையாது. கூடவே மனச்சோர்வு இருந்தால் அதற்குக் கொடுப்பார்கள், அதை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது. டிபிடி முழு வடிவில் நம் பக்கம் எல்லா இடத்திலும் கிடைக்காது. அந்தக் கோவை டாக்டரிடமே கேளுங்கள்: டிபிடி பயிற்சி பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் யாரிடம் அனுப்புவீர்கள், அவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று. காசு இடித்தால் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், பெருந்துறையில் இருக்கிற ஈரோடு அரசு மருத்துவக் கல்லூரியிலும் மனநலப் பிரிவு உண்டு. படுக்கையில் வைத்துப் பார்க்கவேண்டிய நிலை வந்தால் வேலூர் சிஎம்சியின் பாகாயம் மனநல மையம் இருக்கிறது, அங்கே வீட்டு ஆள் கூடவே தங்கவேண்டும். ஈரோட்டிலிருந்து காட்பாடிக்கு ரயில் ஏறினால் போய்விடலாம். ஆனால் வாரா வாரம் செய்யவேண்டிய சிகிச்சைக்கு வாரா வாரம் வேலூர் போகமுடியாது. அது பக்கத்தில்தான் நடக்கவேண்டும். பக்கத்தில் என்றால் யாராவது பார்க்கத்தான் செய்வார்கள். அதற்குத் துணிந்தால்தான் மகளுக்கு வைத்தியம்.

டாக்டர் வாயிலிருந்து வெளியே போகுமோ என்ற பயம் வேண்டாம். 2017-ம் வருஷ மனநலப் பாதுகாப்புச் சட்டம் ரகசியம் காக்கச் சொல்கிறது. வயதுவந்த பெண் உள்ளே என்ன பேசினாள் என்று, உயிராபத்து மாதிரி நிலை இல்லாதவரை, அவள் சம்மதமில்லாமல் உங்களிடமும் சொல்லமாட்டார்கள். அதைத் துருவாதீர்கள்.

வரனை நிறுத்துங்கள். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று சீர் செனத்தியோடு இதையும் மூடி அனுப்புவது, பெண்ணுக்கும் துரோகம், அவளை நம்பிக் கூட்டிப்போகிற மாப்பிள்ளை வீட்டு அம்மாவுக்கும் துரோகம். பெற்றவர்கள் செய்கிற காரியம் அது இல்லை. அவள் தேறட்டும். தேறியபின் கட்டுவதா வேண்டாமா என்று அவள் சொல்லட்டும், கட்டுகிறவரிடம் என்ன சொல்வது என்பதையும் அவளே முடிவு பண்ணட்டும்.

காயப்படுத்திக்கொள்வது சாவதற்காகச் செய்வதில்லை என்று பல பேர் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். இந்தப் பழக்கம் இருப்பவர்களுக்கு உயிராபத்தும் மற்றவர்களைவிட அதிகம். தோட்டத்துச் சாளையில் இருக்கிற பூச்சிமருந்தை இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். 'நான் இல்லாமல் இருந்தால் நல்லது' என்கிற மாதிரிப் பேச்சு வந்தால் அவளைத் தனியாக விடாதீர்கள். 14416, டெலி மனாஸ் என்கிற அரசு மனநல உதவி எண், இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், நீங்களும் பேசலாம். உடனடி ஆபத்து என்றால் 108.

இந்த வாரமே போன் போட்டு அதே கோவை டாக்டரிடம் டோக்கன் வாங்குங்கள். முதலில் மகளிடம், "அன்னைக்கு உன்னை எழுப்பிக் கூட்டிட்டு வந்தது என் தப்பு கண்ணு, மறுபடி போலாமா" என்று கேளுங்கள். அந்த அண்ணன் திரும்பவும் வந்தால் "வாங்கண்ணா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்த இடத்திலேயே உட்காருங்கள். அப்புறம், மூன்று பக்கக் கடிதத்தில் உங்கள் வீட்டுக்காரர் ஒரு இடத்தில்கூட வரவில்லை. அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.