இரும்பு சட்டை போட்டவன் ஓடுவானா?

கேள்வி: குதிரைல ஏத்திவிடவே கிரேன் வேணுமாம், கீழ விழுந்தா எந்திரிக்கவே முடியாதாம். அந்தக் கால ஐரோப்பாவோட நைட்டுங்க, அதான் கவசம் போட்ட குதிரை வீரங்க, இவ்ளோ இரும்பை மாட்டிக்கிட்டு எப்படிங்க சண்டை போட்டாங்க?
- வாசகர், பெரம்பூர்

பதில்: கிரேன் எல்லாம் சுத்த ரீலுங்க. 15-ஆம் நூற்றாண்டுல போருக்குப் போட்ட முழு கவசம் சுமாரா 20லேருந்து 25 கிலோ, அதுவும் மொத்தமா தோள்ல தொங்காது, நெஞ்சு கை தொடைன்னு தனித்தனி தகடு, உள்ள போட்ட மெத்து வெச்ச சட்டையோட வார் போட்டு இழுத்துக் கட்டிடுவாங்க, மூட்டு வர்ற இடத்துல தகடு ஒண்ணு மேல ஒண்ணு நழுவுற மாதிரி ரிவிட் அடிச்சிருக்கும், அதனால முட்டி நல்லாவே மடங்கும். பூசிகோன்னு ஒரு பிரெஞ்சு தளபதி, ஹெல்மெட்டை மட்டும் கழட்டி வெச்சுட்டு முழு கவசத்தோட குட்டிக்கரணம் அடிப்பாராம். அவரோட வாழ்க்கை வரலாறுல வர்றது இது, மசாலா கொஞ்சம் தூக்கலா இருக்கலாம்தான். குதிரைல எதிரெதிரா வந்து மோதுற ஈட்டிப் போட்டிக்குன்னு செஞ்ச கவசம் வேற, அது ரொம்ப கனம், ரெண்டையும் போட்டு குழப்பிக்கிறதாலதான் பாதி வம்பு.

சிக்கல் வர்றது மூச்சுல. 2011ல இங்கிலாந்துல லீட்ஸ் யுனிவர்சிட்டிக்காரங்க கவசம் போட்டு சண்டை செஞ்சு காட்டுற ஆளுங்களையே ட்ரெட்மில்ல ஏத்தி பார்த்துட்டாங்க. வெறும் உடம்போட நடக்குறதுக்கு ஆகுற சக்தியை விட 2.1லேருந்து 2.3 மடங்கு வரைக்கும் செலவாகுது, ஓடினா 1.9 மடங்கு. அதே எடையை முதுகுல பையா மாட்டினா கூட இவ்ளோ ஆகாது, ஏன்னா கால்ல மட்டுமே 7, 8 கிலோ, ஒவ்வொரு எட்டுக்கும் அதையும் சேர்த்து வீசணும், ஜிம்ல கணுக்கால்ல வெயிட் கட்டிட்டு ஓடிப் பார்த்தவங்களுக்கு தெரியும். நெஞ்சுத் தகடு வேற இறுக்கிப் பிடிக்கிறதால மூச்சை ஆழமா இழுக்க முடியாம குட்டிக் குட்டியா வேகமா இழுத்திருக்காங்க.

இதை அப்படியே 1415ல பிரான்ஸ்ல இங்கிலீஷ்காரங்களும் பிரெஞ்சுக்காரங்களும் மோதின அஜின்கோர்ட் சண்டைக்கு கொண்டு போங்க. மழைல ஊறிப்போன, புதுசா உழுத வயல், எதிர்ல அம்பு மழை, அதனால ஹெல்மெட் மூடியை இறக்கிவிட்டு தலையைக் குனிஞ்சுக்கிட்டே சேத்துல நடந்து போன பிரெஞ்சுக்காரங்களுக்கு கைகலப்பு ஆரம்பிக்கிறதுக்குள்ளயே மூச்சு வாங்கி பாதி உயிர் போய்டுச்சு. இங்கிலீஷ் வில்லாளிங்க கவசம் கம்மி, சேத்துல சுலபமா பூந்து அடிச்சாங்க.

கேள்வி: நம்ம மெட்ராஸ் வெயில்ல இதைப் போட்டா?
- வாசகி, மயிலாப்பூர்

பதில்: மே மாசம்னா மயக்கம்தாங்க! உள்ள இருக்குற மெத்து சட்டை வேர்வையை வெளிய விடாது. தகடு கவசம் வர்றதுக்கு முன்னாடியே, இரும்பு வளையங்களைக் கோத்த வெறும் சங்கிலிக் கவசம் போட்டு ஜெருசலேம் பக்கம் சண்டை போட்ட ஐரோப்பிய சிலுவைப் போர்க்காரங்க, 1187 ஜூலைல பாலஸ்தீனத்துல ஹத்தின்ங்கிற இடத்துல தண்ணியில்லாம வெந்துபோய் சுல்தான் சலாவுதீன் கிட்ட தோத்தாங்க. முகலாயர் காலத்துல நம்ம பக்கம் நாலு தகடை மட்டும் நெஞ்சு, முதுகு, ரெண்டு விலான்னு கட்டிக்கிட்டாங்க, மிச்ச உடம்புக்கு சங்கிலிச் சட்டை. எக்மோர் மியூசியத்துல தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்க இருக்கு, போய்ப் பாருங்க, வெள்ளிக்கிழமை லீவு.