வீட்டுப் பத்திரம் பீரோவுலயே இருக்கட்டும்ணே

போன வாரம் அப்பா, அம்மா, ப்ளஸ் டூ முடிச்ச பொண்ணு மூணு பேரும் அடுத்து என்ன படிக்க வைக்கலாம்னு கேட்டு என்கிட்ட வந்தாங்க. பொண்ணுக்கு பிசிக்ஸ் மேலதான் ஆசை. அப்பா கையில மஞ்சப்பை, உள்ள வீட்டுப் பத்திரம். மேனேஜ்மென்ட் கோட்டாவுல கம்ப்யூட்டர் சயின்ஸ், நாலு வருஷத்துக்கு 14 லட்சம், மச்சான் பேசி முடிச்சிட்டாராம். "பிசிக்ஸ் படிச்சா டியூஷன்தான் எடுக்கணும்னு சொந்தக்காரங்க சொல்றாங்க சார்"னு அம்மாவுக்கு கண்ணு கலங்கிடுச்சு. பதறாதீங்கன்னு ஆறுதலா பேசிட்டிருந்தேன், அப்பதான் பொண்ணு ஒரு நோட்ட நீட்டுச்சு. லேசர் பாயிண்டர் வெளிச்சத்துல தலைமுடி ஒண்ண பிடிச்சு, செவுத்துல விழுந்த கோடுகளோட இடைவெளிய ஸ்கேல்ல அளந்து, முடியோட தடிமன் 72 மைக்ரான்னு கணக்கு போட்டிருக்கு. யாரும் சொல்லித் தரல.

அண்ணே, பத்திரத்த அடமானம் வைக்காதீங்க. புள்ளைக்கு பிடிக்காத படிப்புக்கு வீட்ட வச்சு கடன் வாங்கறத நான் ஒத்துக்கவே மாட்டேன், மச்சானா வட்டி கட்டப் போறாரு?

பிசிக்ஸ் படிச்சா டியூஷன் மட்டும்தானான்னு கேட்டா, ஒரு உதாரணம் சொல்றேன். குவாண்டம் டாட்னு ஒண்ணு இருக்கு. காலியம் ஆர்சனைடுங்கற குறைகடத்தி மேல இண்டியம் ஆர்சனைடுங்கற இன்னொரு குறைகடத்தி படியும்போது தானா திரண்டு நிக்கிற குட்டித் துளி, அகலம் 20 நானோமீட்டர் மாதிரி, உங்க பொண்ணு அளந்த முடிக்கு குறுக்க மூவாயிரத்துக்கு மேல அடுக்கலாம். அதுக்குள்ள ஒத்த எலெக்ட்ரான அடைச்சு அதோட ஸ்பின்னதான், அதாவது எலெக்ட்ரானுக்குள்ள இருக்கிற குட்டி காந்தம் மாதிரியான குணத்ததான், க்யூபிட்டா, அதாவது குவாண்டம் கம்ப்யூட்டரோட அடிப்படைத் தகவல் அலகா வச்சுக்கறாங்க. ஆனா சுத்தியிருக்கிற அணுக்கருக்களோட காந்த சலசலப்புல அது சில நானோசெகண்ட்லயே தடுமாறிடும், நடுவுல ஸ்பின்ன ஒரு தடவ புரட்டிப் போட்டு தடுமாற்றத்த சரிக்கட்டற எக்கோ உத்தி போட்டாலும் மைக்ரோசெகண்ட் கணக்குலதான் தாங்கும். அதுக்குள்ள வேலைய முடிக்கத்தான் சில பிகோசெகண்ட் லேசர் பல்ஸால டக்குனு திருப்பறாங்க. ஒரு செகண்ட லட்சம் கோடியா பிரிச்சதுல ஒரு பங்குதான் பிகோசெகண்ட், நானோசெகண்ட்ல ஆயிரத்துல ஒண்ணு. 2008ல ஸ்டான்ஃபோர்டுல யமமோட்டோ குழு ஒத்த டாட்ல இருந்த ஸ்பின்ன நினைச்ச திசைக்கெல்லாம் இப்படி திருப்பிக் காட்டினாங்க. டாட்ட ஹீலியத்துல 4 கெல்வின், அதாவது மைனஸ் 269 டிகிரி செல்சியஸ் வரைக்கும் குளிர வச்சு, மேஜை முழுக்க இருக்கிற கண்ணாடிகள ஒவ்வொண்ணா திருகி, லேசர் கற்றைய அந்தத் துளி மேல கொண்டுபோய் நிறுத்தணும். ஸ்கேல வச்சுக்கிட்டு செவுத்துப் பக்கம் ராத்திரி முழுக்க நின்ன புள்ளைக்கு அந்தப் பொறுமை இருக்கு.

வழி நீளம், அத மறைக்க மாட்டேன். பிஎஸ்சி மூணு, எம்எஸ்சி ரெண்டு, பிஎச்டி அஞ்சு, பத்து வருஷம் ஆயிடும், நடுவுல அத்தை பையன் கார் வாங்கிடுவான். ஆனா செலவப் பாருங்க, கவர்மென்ட் ஆர்ட்ஸ் காலேஜ்ல ஃபீஸ் வருஷத்துக்கு சில ஆயிரம்தான், ஜாம்ங்கற எம்எஸ்சி நுழைவுத் தேர்வு எழுதி ஐஐடியில எம்எஸ்சி, அப்புறம் நெட்ங்கற தேசிய தகுதித் தேர்வுல ஜேஆர்எஃப்ங்கற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கிட்டா மாசம் 37,000 ஸ்டைபண்ட் அவளுக்கே வரும். 2023 ஏப்ரல்ல குவாண்டம் ஆராய்ச்சிய வளர்க்கிற தேசிய குவாண்டம் மிஷனுக்கு மத்திய அரசு 6,003 கோடி ஒதுக்கிச்சு, அதுல குவாண்டம் தொடர்புக்கான மையம் நம்ம ஐஐடி மெட்ராஸ்லதான். சீட்டு நிச்சயம்னு நான் சொல்லல, அவ உழைக்கணும்.

அதனால கவர்மென்ட் காலேஜுக்கான ஆன்லைன் அப்ளிகேஷன்ல முதல் சாய்ஸ் பிசிக்ஸ் போடுங்க. ஜாம் எக்ஸாம் மூணாவது வருஷம் பிப்ரவரியில வரும், ரெண்டாவது வருஷத்துலயே பழைய கேள்வித்தாள கையில எடுக்கச் சொல்லுங்க. மச்சான் கேட்டா என் நம்பர குடுங்க, நான் பேசிக்கறேன்.